ராணி காசின் விளிம்பில் ஒரு கோடு

புதிதாக லென்ஸும் குறுக்களவு பார்க்கும் காலிப்பரும் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு போன் செய்தார். "சார், ஒரு பழைய காசைக் கையில குடுத்தா, நல்லதா டூப்ளிகேட்டான்னு எவ்வளவு நேரத்துல சொல்லுவீங்க?" என்று கேட்டார். ஒரு நிமிடத்துக்குள்ளேயே சொல்லியிருக்கிறேன் என்றேன். "பெரிய ஆளு சார் நீங்க" என்று பாராட்டிவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்த காரியத்தை அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதியே தந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வேலையில் நான் கெட்டிக்காரன். அடக்கமாகப் பேசி நல்ல பெயர் வாங்கும் வயதைத் தாண்டிவிட்டேன், ஆகவே நேராகவே சொல்கிறேன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியின் மோல்டு செக்‌ஷனில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாக அச்சு செய்து, சேர்த்துக் கட்டி, களிமண் குழம்பை ஊற்றிப் பிள்ளையாரும் யானையும் தவழும் கிருஷ்ணனும் எடுப்போம். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பொம்மையின் உடம்பில் மெல்லிசாக ஒரு கோடு எழும்பி நிற்கும். ஈரம் காய்வதற்குள் அதைக் கத்தியால் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால், சூளையிலிருந்து வரும் பிள்ளையார் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர் மாதிரி இருப்பார். நாள் முழுக்கப் பிள்ளையார் முதுகைச் சுரண்டியவன் கண்ணுக்கு எந்தக் கோடும் தப்பாது.

அந்தக் கோடுதான் என்னைக் காசுக்குக் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ரோம சாம்ராஜ்யத்தின் கடைசிக் காலத்துத் தங்கக் காசுகளைச் சேர்ப்பவர். அதிலும் ராணிகளின் முகம் போட்டவை மட்டும்தான். ராஜா முகம் போட்ட காசு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடமாட்டார். "ராஜா காசு தானா வந்து மாட்டும் சார். ராணி காசுக்குத்தான் நாம அலையணும்" என்பார். ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவரிடம் போயிருந்தேன். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், வெளியூர் வியாபாரி ஒருவர் விட்டுவிட்டுப் போயிருந்த ராணி காசு ஒன்றைப் பெருமைக்காகக் காட்டினார். என்னால் பேச முடியாது. விளிம்பில் ஓடிய கோட்டை நகத்தால் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் காலத்து நல்ல காசு என்பது இரண்டு முத்திரைகளுக்கு நடுவே தங்கத் துண்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்துச் செய்தது. அதன் விளிம்பில் சேர்ப்புக் கோடு வர வழியே இல்லை. கோடு இருந்தால் அது அச்சில் உருக்கி ஊற்றிய வார்ப்பு. டாக்டர் அந்தக் காசைத் திருப்பி அனுப்பினார். அன்று முதல் என்னிடம் காட்டாமல் அவர் எதையும் வாங்கியதில்லை. அவர் சொல்லிப் புதுச்சேரி, கும்பகோணம், சேலம் என்று மற்ற சேகரிப்பாளர்களும் என்னைத் தேடி வந்தார்கள். கம்பெனியை விட்டபோது எனக்கு இன்னொரு தொழில் தயாராகக் காத்திருந்தது. அப்புறம் படித்தேன், கற்றுக்கொண்டேன், எல்லாம் செய்தேன். ஆனாலும் எந்தக் காசைக் கொடுத்தாலும் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பேன். இந்தப் பழக்கம் எனக்குப் பேரையும் வாங்கித் தந்தது, ஒரு பெண்ணின் மானத்தோடு விளையாடவும் வைத்தது.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. கம்மாபுரம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு. நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவர்கள் நிலத்தையும் வீட்டையும் எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது. விருத்தாசலத்துக்கு வெளியே மனை வாங்கி இரண்டு குடும்பமும் சேர்ந்தே வீடு கட்டுவதாக யோசனை. அதற்காகப் பெட்டியிலிருந்த ஒரு பழைய காசை விற்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் அம்மன் காசு. தலைமுறை தலைமுறையாக மூத்த மருமகள் கையில் இருக்கும். மண்ணிலிருந்து தோண்டி எடுத்த காசென்றால் கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவேன், தொடமாட்டேன். இது மாமியாரின் மாமியார் கழுத்தில் கிடந்தது என்பதற்குப் போட்டோவே வைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து, டாக்டரின் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது மூன்று பேர். அண்ணன் அதிகம் பேசாத ஆள். அவர் மனைவி அஞ்சலைதான் மூத்த மருமகள். தம்பி கொளஞ்சி சுரங்கத்தில் கான்ட்ராக்டில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன், பேச்சு முழுக்க அவனுடையது. அஞ்சலை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து வைத்தாள்.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குக் காரணம் இருந்தது. காசின் முன்பக்கம் புல்கேரியா என்ற ராணி. அவள் தலைக்கு மேலே, வானத்திலிருந்து ஒரு கை இறங்கி வந்து மாலை சூட்டும். நம் பக்கத்தில் பழைய தங்கக் காசு கிடைத்தால் கழுத்தில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். அதற்காகத் தலைக்கு மேலே ஓட்டை போடுவார்கள். ஓட்டை சரியாக அந்தக் கையில்தான் விழும். டாக்டரிடம் இருந்த நான்கு ராணிகளில் மூன்று பேருக்குக் கை இல்லை. இந்தக் காசிலோ ஓட்டையே இல்லை, கை முழுசாக இருந்தது. ராணியின் முகம் மட்டும் தேய்ந்து, இடுக்கெல்லாம் குங்குமமும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

பல் பார்க்கும் விளக்கை இழுத்துக் காசின் மேல் திருப்பினேன். வழக்கம்போல விளிம்பு. விளிம்பின் நட்ட நடுவில் மெல்லிசாக ஒரு கோடு எழும்பி, காசைச் சுற்றி ஓடியது. தலைக்கு நேர் மேலே மட்டும் ஒரு நெல் அளவுக்குக் கோடு இல்லை. அந்த இடத்தில் எவனோ சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் முழுசாகச் சுரண்டியிருப்பேன் என்றும் நினைத்துக்கொண்டேன். எடையும் கொஞ்சம் குறைவு. வழக்கப்படி செல்போனில் விளிம்பைச் சுற்றி நான்கைந்து படம் எடுத்தேன். லென்ஸைக் கீழே வைத்தபோது ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"வார்ப்பு" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் சாமர்த்தியத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாய் சும்மா இருக்குமா? "நல்ல காசு ஒண்ண வெச்சி அச்செடுத்து ஊத்தியிருக்காங்க. தங்கம் நல்ல தங்கம்தான். ஒரிஜினல் எங்கயோ இருக்குது" என்றேன்.

கொளஞ்சி திரும்பி அஞ்சலையைப் பார்த்தான். அவள் கணவரும் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. டாக்டருக்கு வந்த ஏமாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காசை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது காசு கொளஞ்சியின் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அஞ்சலை தனியாக என் வீட்டுக்கு வந்தாள். காலை பத்து மணி இருக்கும். பாலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள்.

"ஐயா, ஒரிஜினல் எங்கயோ இருக்குதுன்னு சொன்னீங்களே. அது எங்கன்னு எங்கிட்ட கேக்கறாங்க" என்றாள்.

"யாரும்மா கேக்கறாங்க?"

"எல்லாரும்தாங்க. மாமியார் கண்ண மூடி பதினெட்டு வருசம் ஆவுது. அன்னியிலேர்ந்து பொட்டி சாவி எங்கிட்டதான் இருக்குது. நான்தான் மாத்திட்டன்னு கொழுந்தனாரு சொல்றாரு. எங்க அம்மா வூட்டுல ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாடி எடுத்தாங்க. அந்தப் பணம் எங்கேர்ந்து வந்துச்சின்னு கேக்கறாரு."

"உங்க வூட்டுக்காரரு?"

"உண்மைய சொல்லிடு, நான் பாத்துக்கறேன்னு சொல்றாருங்க" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு அப்போது வந்தது கோபம்தான். என் தீர்ப்பை மாற்றச் சொல்லி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "நான் காசப் பத்திதாம்மா சொன்னேன். உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

அவள் வாதாடவில்லை. மடித்த துணியைப் பிரித்து ஒரு தங்க வளையத்தை என் மேஜைமேல் வைத்தாள். மோதிரத்தைவிடச் சற்றுப் பெரியது, மேலே கொக்கி, கீழே புதிதாக வெட்டிய வெட்டு. "இதுக்குள்ளதாங்க காசு இருந்துச்சி. காச மட்டும் தனியா எடுத்துக்கிட்டு வாங்கன்னு டாக்டரு போன்ல சொன்னாரு. பஜார்ல ஆசாரிகிட்ட குடுத்து வெட்டி எடுத்தோம். இது பொட்டியிலயே கெடந்துச்சி" என்றாள். "நீங்க கோடு, கோடுன்னு சொன்னீங்க. அது எங்கேர்ந்து வந்துச்சின்னு ரோசன பண்ணிக்கிட்டே இருந்தேங்க. நேத்து இத எடுத்து உள்பக்கமா வெரல் வெச்சிப் பாத்தேன். நடுவுல பள்ளமா இருக்குது பாருங்க."

லென்ஸை எடுத்தேன். அந்த வளையத்தைச் செய்தவர் ஒரே பட்டையாக அடிக்கவில்லை. இரண்டு மெல்லிய தங்கக் கம்பிகளை அருகருகே வைத்து, கொக்கி இருக்கும் இடத்தில் மட்டும் பற்றவைத்திருந்தார். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்பக்கம் முழுக்க முடியளவு இடைவெளி. சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். எத்தனையோ வருடம் இரண்டு பக்கமும் அமுங்கி, நடுவில் இருந்த இடைவெளிக்குள் காசின் விளிம்பு எழும்பியிருக்கிறது. பற்றவைத்த இடத்தில் இடைவெளி இல்லை, அதனால் அங்கே கோடும் இல்லை. எவனோ சுரண்டினான் என்று நான் நினைத்தது அந்த இடத்தைத்தான்.

செல்போனில் படங்களைத் திறந்து வளையத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் கம்பி லேசாக வளைந்து இடைவெளி நெளிந்திருந்தது. படத்தில் காசின் கோடும் அதே இடத்தில், அதே பக்கமாக நெளிந்திருந்தது. நெளிவு படத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. கோட்டைப் பார்த்த பிறகு நான் வேறெதையும் பார்க்கவில்லை. எடை குறைந்தது முகம் தேய்ந்ததால்தான் என்றுகூட யோசிக்கவில்லை. சேர்ப்புக் கோட்டைச் சுரண்டியே பிழைத்தவனுக்கு, எழும்பி நிற்கும் எந்தக் கோடும் சேர்ப்புக் கோடாகத்தான் தெரிந்திருக்கிறது.

இதை நீங்கள் எங்கேயாவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காசு உங்கள் கைக்கு வருவதற்கு முன் எதற்குள் இருந்தது, எதில் கோத்திருந்தது, யார் கழற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆயிரத்து ஐந்நூறு வருடம் கடலும் கரையும் பார்த்து வந்த பொருளிடம் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. என்னை நம்பி வந்தவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன்.

"வெக்கப்பட்டு என்னங்க ஆவப்போவுது" என்றாள். "அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போவதற்கு முன் டாக்டரிடம் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. அவர் முன்னால்தானே அந்தத் தீர்ப்பைச் சொன்னேன். சாயங்காலம் கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்றுகூட எதிர்பார்த்தேன், நல்ல காசு என்றால் அவருக்குத்தானே லாபம். அவரோ கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், அன்னிக்கு வார்ப்புன்னு அடிச்சிச் சொன்னீங்க. இன்னிக்கு இல்லங்கறீங்க. எங்கிட்ட இருக்கற நாலையும் நல்லதுன்னு சொன்னதும் நீங்கதான். நாளைக்கு அத யாரு நம்புவாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பேசாம விட்டுடுங்க. வார்ப்புன்னு நெனச்சிக்கிட்டு அவங்களே கொஞ்ச நாள்ல வந்து தங்க வெலைக்குக் குடுத்துட்டுப் போவாங்க. நான் வாங்கி வெச்சிக்கறேன். காசு பத்திரமா இருக்கும். உங்க பேரும் கெடாது."

அவர் கெட்டவர் இல்லை. ஓட்டை இல்லாத புல்கேரியாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர். ஆசை யாரையும் இப்படிப் பேச வைக்கும். அவர் சொன்னதில் எனக்கும் ஒரு நொடி சபலம் தட்டியது என்பதையும் மறைக்க மாட்டேன். என் பேரில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அஞ்சலை உட்காராமல் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தது கண்ணுக்குள் இருந்தது.

"டாக்டர், அந்த நாலையும் நீங்க யார்கிட்ட வேணும்னாலும் காட்டிக்குங்க. நான் சொன்னது நிக்கும். அதெல்லாம் முழுசா பாத்துச் சொன்னது. இத நான் பாக்கல" என்றேன். அதன் பிறகு எட்டு மாதம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் பல் வலி தாங்காமல் நான்தான் போனேன். ஒன்றும் நடக்காதது போல வாயைத் திறக்கச் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். சுரங்கத்துக் கரியும் மண்ணும் கலந்து ரோட்டோரச் செடியெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பங்காளி வீட்டு ஆட்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அஞ்சலை சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சரியா பாக்காம சொல்லிட்டேன். இது நல்ல காசு."

கொளஞ்சி சிரித்தான். "எத்தினி தடவ சார் மாத்திப் பேசுவீங்க? நேத்து இவங்க உங்க வூட்டுக்கு வந்தது எங்களுக்குத் தெரியும். இன்னா சொல்லி அழுதாங்க?"

நான் எதிர்பார்த்த கேள்விதான். என் வார்த்தையை நான் ஏற்கெனவே கெடுத்துவைத்திருந்தேன், இனி அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் லென்ஸையும், அஞ்சலை என்னிடம் விட்டுப்போன வளையத்தையும் அவனிடமே நீட்டினேன்.

"என்ன நம்ப வேணாம் தம்பி. நீங்க ஃபிட்டரு. ஒரு பேரிங் சரியா உக்காந்துச்சா இல்லியான்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. காச எடுங்க. இந்த வளையத்துல போட்டுப் பாருங்க."

பெட்டியிலிருந்து காசை எடுத்து வந்தான். கீழே வெட்டியிருந்ததால் வளையம் சற்று விரிந்து கொடுத்தது. காசை உள்ளே வைத்து அழுத்தினான். உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் திருப்பினான், அப்போதும் உட்காரவில்லை. "பாத்தீங்களா" என்று சொல்ல ஆரம்பித்தவன் இன்னும் சற்றுத் திருப்பினான். நெளிவு நெளிவுக்குள் போனது. காசு அவன் விரலுக்கடியில் இறங்கி அசையாமல் நின்றது. வளையத்தைக் கவிழ்த்துத் தட்டினான். காசு விழவில்லை. மறுபடி வெளியே எடுத்து வேறு வேறு மாதிரி திருப்பிப் பார்த்தான். அந்த ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் உட்காரவில்லை.

அவன் முட்டாள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "நல்ல காச வெச்சி அச்செடுத்தா, இந்தக் கோடும் அச்சுல விழும்தான சார்?"

எனக்கு அவனைப் பிடித்துப்போனது. உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. "விழும். ஆனா அச்சுல ஊத்தி எடுக்கற எதுவும் ஆறும்போது சுருங்கும். இருவத்திரண்டு வருசம் அதத்தான் செஞ்சேன். சுருங்கின காசு இந்த வளையத்துல லொடலொடன்னு ஆடும். இது ஆடுதா?" என்றேன். பிறகு ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர் கேட்டேன். காசைத் தேய்க்கக் கூடாது, புளி போடக் கூடாது என்று நாம் எல்லோருக்கும் சொல்லுவோம். வெறும் தண்ணீரில் ஊறினால் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் விளிம்போரத்து எண்ணெய்க் குங்குமம் இளகி வந்தது. வளையத்தின் உதட்டுக்குக் கீழே பல காலம் மூடிக் கிடந்த அந்த ஓரத்தில் எழுத்துகள் கூர்மையாக இருந்தன. சுத்தியல் அடியில் தங்கம் வெளிப்பக்கமாக ஓடிய நுண்ணிய வரிகளும் தெரிந்தன. வார்ப்பில் அந்த வரிகள் இப்படி வராது. லென்ஸ் கை மாறிக் கை மாறிப் போனது. அஞ்சலையின் கணவர் எல்லோருக்கும் கடைசியாக வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு லென்ஸைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப டாக்டரு வாங்கிக்குவாரா?" என்று பங்காளி ஒருவர் கேட்டார். "அத அப்புறம் பாக்கலாம்" என்றார் அஞ்சலையின் கணவர். அன்று நான் அவர் பேசிக் கேட்டது அவ்வளவுதான். காசை விற்றார்களா, வைத்திருக்கிறார்களா என்று பிறகு நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை.

கிளம்ப எழுந்தபோது அஞ்சலை முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

பையில் எப்போதும் லெட்டர் பேடு வைத்திருப்பேன். உட்கார்ந்து வழக்கம்போல ஆரம்பித்தேன். எடை, குறுக்களவு, முன்பக்கம் ராணி, பின்பக்கம் சிறகுள்ள பெண் கையில் நீளமான சிலுவை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காசப் பத்தி வேணாங்க. அது நல்ல காசுன்னு எனக்கு எப்பவும் தெரியும். என்னப் பத்தி எழுதுங்க" என்றாள்.

பேனா நின்றுவிட்டது. அத்தனை வருடத்தில் எத்தனையோ சர்டிபிகேட் எழுதியிருக்கிறேன். காசைப் பற்றித்தான் எழுதுவோம், ஆளைப் பற்றி எழுதுவது நம் வேலை இல்லை என்று நானே உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் காசைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அன்று கிளினிக்கில் ஒரு ஆளைப் பற்றித்தான் பேசியிருந்தேன். போலி என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காசுக்குப் பின்னாலும் அதைப் பூட்டி வைத்திருந்த ஒருவர் இருப்பார். வார்ப்பு என்றால் வார்ப்பு என்று மட்டும் சொல்லுங்கள். ஒரிஜினல் எங்கே போனது என்று காசு உங்களிடம் சொல்லவில்லை, அதை நீங்களாகச் சொல்லாதீர்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். இந்தக் காசு சுத்தியலால் அடித்துச் செய்த பழைய காசு. இந்த வளையத்துக்குள் மாமியார் காலத்திலிருந்து இருந்த காசும் இதுவேதான். இதைப் பாதுகாத்து வைத்திருந்த அஞ்சலை இதை மாற்றவில்லை. அப்படிச் சந்தேகம் வரும்படி பேசியது என் தவறு. கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

அவள் ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு அதைக் கொளஞ்சியிடம் நீட்டினாள். "தம்பி, நீங்க படிங்க. எல்லாருக்கும் கேக்கறாப்ல."

அவன் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றான். முதல் வரியைச் சத்தமாக, வேகமாகப் படித்தான். இரண்டாவது வரியில் வேகம் குறைந்தது. மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்தினான். "இதைப் பாதுகாத்து வைத்திருந்த எங்க அண்ணி இதை மாற்றவில்லை" என்று படித்தான்.

தாளில் நான் அஞ்சலை என்றுதான் எழுதியிருந்தேன்.